ஆரஞ்சுத் திரையில் ஒரு வெள்ளை முதுகு

மாலை 4.35.

பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் மிச்சம் இருந்தது. மேசையைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வாளர் குனிந்து கதவின் பூட்டைப் பார்த்தார். கீறல்கூட இல்லை. சாவி போட்டுத் திறந்து, சாவி போட்டே பூட்டியிருக்கிறார்கள்.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"எங்க நாலு பேர்கிட்டயும் ஆளுக்கு ஒண்ணு, மேடம்."

"அப்ப திருடன் வெளியில இல்ல." அவர் நிமிர்ந்தார். "இங்கதான் நிக்கறான். இல்ல, நிக்கறா."

அந்த அம்மாளுக்கு வாயில் சர்க்கரை தடவிப் பேசும் பழக்கம் கிடையாது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் காலை மாற்றி நின்றார்கள். ஆய்வாளர் அதையும் பார்த்துக்கொண்டார்.

மூடிக் கிடந்த ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்தது அந்த அறை. பிழைப்புக்கான வேலை போக மிச்ச நேரத்தில் இவர்கள் நால்வரும் அங்கே கூடுவார்கள். பழைய டிவி, உடைந்த கேமரா, விளையாட்டுச் சாமான் என்று கையில் கிடைத்ததைப் பிரித்துப் போட்டு, அதிலிருந்து புதிதாக ஏதாவது திரையோ படம் பிடிக்கும் கருவியோ செய்து பார்ப்பார்கள். ஈயம் பற்றவைத்த வாசனை சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. கதவுக்கு இடப்பக்கம் ஒரு கரும்பலகை. அதில் அழுத்தமான வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு விதி: 'அடுத்தவர் சாமானைக் கேட்காமல் தொடாதே.'

கதவுக்கு வலப்பக்கம் ஒரு தொட்டியில் மணிபிளாண்ட் கொடி செழித்து நின்றது. ஆய்வாளர் அதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு பார்த்தார். அவர் வீட்டில் கற்றாழைகூடக் காய்ந்துவிடும்.

"பெட்டி யாரோடது?"

"என்னோடது," என்றாள் நர்ஸ். ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே வந்திருந்தாள். "நரம்பு காட்டற பெட்டி. நானே செஞ்சது. கையை அதுக்குக் கீழ வச்சா, தோலுக்கு அடியில இருக்கற நரம்பெல்லாம் சின்னத் திரையில கறுப்புக் கோடா தெரியும்."

"எதுக்கு?"

"என் பொண்ணுக்கு." "ஏழு வயசு. அவ உடம்புல ரத்தம் சரியா ஊறாது. அடிக்கடி ஏத்திக்கிட்டே இருக்கணும். குத்திக் குத்தி நரம்பெல்லாம் உள்ள ஒளிஞ்சுக்கிச்சு. ஊருக்கே ஊசி போடறேன் மேடம், என் பொண்ணு கையில எனக்கு நரம்பு கிடைக்க மாட்டேங்குது. நாளைக்குக் காலையில டாக்டர் ஒரே ஒரு தடவை இந்தப் பெட்டியை வச்சுப் பாக்கலாம்னார். சரி வரலைன்னா, நெஞ்சுக்கு மேல அறுத்து உள்ள குழாய் வச்சுடலாம்னு முடிவு பண்ணிட்டார்."

இதுவரை 'ஒரு பெட்டி காணோம்' என்று இருந்த வழக்கு, ஆய்வாளர் மனதில் அப்போதுதான் கனத்தது.

"அப்படி அதுல என்ன விசேஷம்? இன்னிக்கு ராத்திரியே இன்னொண்ணு செய்ய முடியாதா?"

"முடியாது. விசேஷமே அதோட கண்ணுதான், அதுக்குள்ள இருக்கற குட்டிக் கேமரா. டிவி ரிமோட்லேர்ந்து ஒரு வெளிச்சம் வருமே, நம்ம கண்ணுக்குத் தெரியாதது, அந்த வெளிச்சம்தான் அதுக்குத் தெரியணும். ரத்தம் அந்த வெளிச்சத்தைக் குடிச்சிடும், சதை குடிக்காது. அதான் நரம்பு மட்டும் கறுப்பா தெரியுது. சாதாரணக் கேமராவுக்குள்ள அந்த வெளிச்சத்தைத் தடுக்கற ஒரு கண்ணாடிச் செதில் இருக்கும். அதைப் பிளேடால நெம்பி எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு துணுக்குக் கறுப்புப் பிலிம் ஒட்டணும். கை கொஞ்சம் நடுங்கினா கேமரா போச்சு. எத்தனையோ போச்சு. ஒண்ணுதான் உருப்படியா வந்துது. மொத்தமா வாங்கினதுல மிஞ்சினது ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் பெட்டியில. இன்னொண்ணு அதோ, சுவத்துல."

ஆய்வாளர் திரும்பினார். ஜன்னலுக்கு மேலே, கட்டைவிரல் நகம் அளவில் ஒரு கேமரா கதவையே முறைத்துக்கொண்டிருந்தது.

"அட, கேமரா இருக்கா? இதை ஏன் முதல்லயே சொல்லல?"

நர்ஸ் தரையைப் பார்த்தாள். பின்னால் நின்றிருந்த இளைஞன் மட்டும் வறட்சியாகச் சிரித்தான்.

"சொல்ல மாட்டாங்க மேடம். அதுல இருக்கறது நான்தானாம்."

அவன் நர்ஸின் உடன்பிறந்த தம்பி.

மாலை 4.50.

சுவர்க் கேமராவின் படம் போய்ச் சேரும் இடம் ஒரு மூலையில் இருந்தது. கதவகலப் பலகை ஒன்றில் ஆயிரக்கணக்கான ஆரஞ்சு விளக்குகளை வரிசை வரிசையாகக் குத்திச் செய்த திரை. செய்தவர் டிவி பழுதுபார்ப்பவர். குட்டையான, படபடப்பான மனிதர். மற்றவர்கள் அவரை டிவிக்காரர் என்றார்கள்.

"யாராவது உள்ளேர்ந்து கதவைத் திறந்து வெளியில போனா ஒரே ஒரு படம் பிடிச்சு அப்படியே நிறுத்தி வச்சுக்கும், மேடம். இந்தப் பொத்தானை அமுக்கினாத்தான் நகரும். நேரமும் மூலையில விழும்."

நேரம் 2.50. படத்தில் ஒருவர் கதவைத் தாண்டி வெளியே போகிறார். முதுகுதான் தெரிகிறது. தலைமேல் முக்காடு, முழங்கால் வரை மழைக்கோட்டு, கைக்கு அடியில் பெட்டி. எல்லாம் ஆரஞ்சுப் புள்ளிகளால் ஆன படம். கரும்பலகை இருந்த இடம் அப்படியே இருட்டு. கோட்டு மட்டும் பளிச்சென்று, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துத் தெரிந்தது. இடது தோளில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம்.

"இது என்ன கறுப்பு?"

"அந்த இடத்துல விளக்கு போயிருக்கும் மேடம். கையால செஞ்சதுதானே."

"செடியும் வெள்ளையா இருக்கே?"

"அதை ஏன் கேக்கறீங்க! திங்கட்கிழமையிலேர்ந்து படம் இப்படித்தான் வெளிறிக்கிட்டே வருது. நானும் மாத்தி மாத்தித் திருகிப் பாக்கறேன்." டிவிக்காரர் அவசரமாகச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். புது டியூப்லைட் பளீரென்று எரிந்தது. பொத்தானையும் அமுக்கப் போனவரை ஆய்வாளர் தடுத்தார். முதலில் திரையைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

சுவரோரம் கோட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாள் அது. தம்பியுடையது வெளிர்மஞ்சள். டிவிக்காரருடையது தடித்த கறுப்பு ரப்பர். மூன்றாவது கறுப்பு நைலான். மூன்றும் முழங்கால் நீளம். நர்ஸ் குடை கொண்டுவந்திருந்தாள்.

வெளிர் நிறத்தில் இருந்தது ஒரே ஒரு கோட்டுதான். கூட வந்திருந்த ஜீப் ஓட்டுநர் வாசலிலிருந்து வந்து அவர் காதைக் கடித்தார்.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையணுமா மேடம்? ஆள் இங்கயே இருக்கான். தூக்கி ஜீப்ல போட வேண்டியதுதானே."

"வெண்ணெயா, சுண்ணாம்பான்னு முதல்ல நக்கிப் பாக்கலாம்," என்றார் ஆய்வாளர்.

மாலை 5.05. தம்பி.

ராத்திரியில் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். பகலில் தூங்கி, சாயங்காலம் இங்கே வந்து நிலாவைப் பார்க்கத் தொலைநோக்கி செய்கிறவன். கண் சிவந்திருந்தது. தூக்கத்தாலா, அழுகையாலா என்று ஆய்வாளருக்குப் புரியவில்லை.

"மத்தியானம் எங்க இருந்தே?"

"ரூம்ல தூங்கிட்டிருந்தேன்."

"யார் பாத்தா?"

"தூங்கறவனை யார் மேடம் காவல் இருந்து பாப்பாங்க?"

"அந்தப் பெட்டி பிடிக்காதாமே உனக்கு?"

அவன் நிமிர்ந்தான். "பிடிக்காது. மறைக்க என்ன இருக்கு? 'பாப்பா என்ன சோதனை எலியா? ஒரு நாள் இந்தப் பெட்டியைத் தூக்கிக் கடாசிடுவேன்'னு நேத்துக்கூடச் சண்டை போட்டேன். இவங்களுக்கும் தெரியும். அவங்களுக்கும் தெரியும்."

"அவங்கன்னா?"

அவன் அறையின் மறுபக்கம் நின்ற நர்ஸைக் கையால் காட்டினான். 'அக்கா' என்று சொல்லவில்லை. ஆய்வாளருக்கும் ஒரு தம்பி உண்டு. அந்தச் சொல் விழாமல் போன இடம் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"பெட்டியை எடுத்தியா?"

"கடாசுவேன்னு சொன்னவன்தான். ஆனா பாப்பாவுக்கு விடியற நேரம் பாத்துக் கடாசற அளவுக்கு நான் பாவி இல்ல."

நர்ஸுக்கு அது கேட்டது. "பின்ன அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு யாருடா வந்தது? பேயா?" என்று அங்கிருந்தே வெடித்தாள். "பாப்பா முதல்ல பேசின வார்த்தையே 'மாமா'தான் மேடம். அந்த மாமன்..."

மாலை 5.15. டிவிக்காரர்.

"ரெண்டே முக்காலுக்கு ஒரு வீட்ல டிவி பாத்துட்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா சமையக்கட்டுல இருந்தாங்க. நடுவுல நான் சாமான் வாங்க வெளியில போனேன், அதையும் நானே சொல்லிடறேன். அப்புறம் யாராவது சொல்லித் தெரிஞ்சா நல்லா இருக்காது."

"நர்ஸம்மாவோட மனஸ்தாபம் ஏதாவது?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பெட்டிக்குத் திரை நான்தான் செஞ்சு குடுத்தேன். கரடுமுரடா இருக்குன்னு கழட்டிட்டு, கடையில வாங்கினதைப் போட்டுக்கிட்டாங்க. வருத்தம் இருந்துது. ஆனா வருத்தத்துக்காகப் புள்ள கையில விளையாடுவேனா?"

வியர்வை வழிந்தது. பயந்தவனுக்கும் வழியும், செய்தவனுக்கும் வழியும். வியர்வையை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம் என்றால் கோடைகாலத்தில் ஊரையே உள்ளே தள்ள வேண்டியதுதான்.

மாலை 5.20. வாத்தியார்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். நால்வரில் மூத்தவர். கரும்பலகை விதி அவர் கையெழுத்து. கறுகறுவென்று சாயம் அடித்த தலை. ஆய்வாளர் உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தார்.

"எனக்கு அந்த நேரம் வகுப்பு கிடையாது. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் தனியா இருந்தேன். சாட்சி இல்லை. ஆனா என் பேரு ஊருக்கே தெரியும்."

"இது என்ன சார், விசிறி?"

மேசையில் இரண்டு இறக்கை வைத்த கருவி ஒன்று நின்றது. இறக்கைகளின் ஓரத்தில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். வாத்தியாரின் முகம் மலர்ந்துவிட்டது. வழக்கு, போலீஸ், காணாமல்போன பெட்டி எல்லாம் அவருக்கு ஒரு நொடியில் மறந்துபோனது போலிருந்தது.

"சுழல் திரை. சுத்தற வேகத்தில் விளக்கு அணைஞ்சு எரியும். காத்திலேயே படம் நிக்கும். பாருங்க!"

இறக்கைகள் விர்ரென்று சுழன்றன. வெறும் காற்றில் வாத்தியாரின் முகம் சிவப்பாக மிதந்தது. முதலில் நேர்முகம். அடுத்து பக்கவாட்டு முகம்.

"ரெண்டு இறக்கைக்கு ரெண்டு படம். போன ஞாயித்துக்கிழமை இங்கேயே உக்காந்து, ஒரே நேரத்தில் எடுத்தது. இவரோட ஆரஞ்சுச் சல்லடையை நான் திரும்பிக்கூடப் பாக்கறதில்லை. இதுதான் திரை."

ஆய்வாளர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நேரா பாத்தா தலை கறுப்பு. பக்கவாட்டுல பாத்தா தலை வெள்ளை. ஒரே நேரத்துல எடுத்ததுங்கறீங்க. ஒரு பக்கம் மட்டும் சாயம் விட்டுப்போச்சா சார்?"

டிவிக்காரர் களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார். வாத்தியாரின் கை தானாகவே தலைக்குப் போனது.

"விளக்கோட பிரகாசம் கூடியிருக்கும்," என்று கருவியை நிறுத்தினார்.

"அந்தக் கறுப்பு நைலான் கோட்டு உங்களுதா?"

"ஆமாம். பத்து மழைக்காலம் பாத்தது. கிழிஞ்சா நானே ஒட்டிக்குவேன். வாங்கற பழக்கம் இல்லை, செய்யற பழக்கம்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கஷ்டமா இருக்கு மேடம். சின்னப் பையன். கோபக்காரன். ஏதோ பாசத்தில் செஞ்சிருப்பான். பெரிய வழக்கா ஆக்காதீங்க."

எவ்வளவு நல்ல மனசு! இவ்வளவு நல்ல மனசை ஆய்வாளர் ஸ்டேஷனில் பார்த்ததே இல்லை. அதனாலேயே அவருக்கு அது உறுத்தியது.

மாலை 5.30.

மழை நின்று, ஜன்னல் வழியே சாயங்கால வெளிச்சம் அறைக்குள் விழுந்தது. ஆய்வாளர் ஆரஞ்சுத் திரைக்கு முன்னால் போய் நின்றார். யாரையும் கேட்காமல் பொத்தானை அமுக்கினார்.

"ஐயோ மேடம், சாட்சி போச்சே!" என்று ஓட்டுநர் அலறினார்.

"போன்ல இருக்கு. சும்மா இருங்க."

திரையில் இப்போது இந்த நொடியின் அறை தெரிந்தது. அவர் கண் நேராக ஓர் இடத்துக்குப் போனது. கறுப்புச் சதுரம் இருந்த இடம். அங்கே விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தன.

செத்துப்போன விளக்கு எப்படிப் பிழைக்கும்?

அடுத்து செடியைப் பார்த்தார். திரையில் அது இன்னமும் வெள்ளை. அருகில் போய் ஓர் இலையைக் கிள்ளி, விரலால் தேய்த்து, ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். கரும்பச்சை. கொழுகொழுவென்று, பார்த்தாலே பொறாமைப்பட வைக்கும் பச்சை.

"டிவிக்காரரே, டியூப்லைட்டை அணைங்க."

அணைத்தார். அறை மங்கியது. திரை மங்கவில்லை.

"போடுங்க."

போட்டார். அறை பளீரென்றது. திரையில் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை.

"உங்க கேமராவுக்கு டியூப்லைட் எரியறதே தெரியல," என்றார் ஆய்வாளர் மெதுவாக. "ஜன்னல்லேர்ந்து வர்ற ஏதோ ஒரு வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. நாம பாக்கற வெளிச்சம் தெரியாது. நாம பாக்காதது மட்டும் தெரியும். இதை எங்கயோ கேட்டேனே?"

நர்ஸின் கை மெல்ல எழுந்து வாயை மூடிக்கொண்டது.

"நர்ஸம்மா, கடைசியா பெட்டியை எப்ப சோதிச்சுப் பாத்தீங்க?"

"சனிக்கிழமை. பிரமாதமா வேலை செஞ்சுது. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில ஓயாத வேலை. இன்னிக்குத்தான் கடைசியா ஒரு தடவை பாக்கலாம்னு..."

"எல்லாரும் அவங்கவங்க கோட்டைக் கொண்டுவந்து கதவுப் பக்கம் மாட்டுங்க. முதுகுப் பக்கம் கேமராவைப் பாக்கணும்."

முதலில் டிவிக்காரர் மாட்டினார். கறுப்பு ரப்பர் கோட்டு. திரையிலும் கறுப்பாகவே தெரிந்தது. அடுத்து தம்பி. வெளிர்மஞ்சள் கோட்டு, திரையில் வெள்ளை. முதுகில் ஒரு பொட்டுக்கூட இல்லாத சுத்த வெள்ளை.

"சார், நீங்க?"

வாத்தியார் அசையவில்லை. "கறுப்புக் கோட்டை எதுக்கு மாட்டணும்? படத்தில் இருக்கறது வெள்ளைக் கோட்டு."

"சும்மா மாட்டுங்க. கறுப்பு கறுப்பாத்தானே தெரியப்போகுது? அந்தக் கரும்பலகை தெரியற மாதிரி."

அவர் எழவில்லை. ஓட்டுநர் போய் அந்தக் கோட்டை எடுத்து மூன்றாவது ஆணியில் மாட்டினார்.

அறையில் இருந்த எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள். கறுப்பு. பிறகு திரையைப் பார்த்தார்கள்.

திரையில் இரண்டு வெள்ளைக் கோட்டுகள் தொங்கின. மூன்றாவது கோட்டின் இடது தோளில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம்.

மாலை 5.40.

ஆய்வாளர் கோட்டின் தோள்பட்டையை விரலால் தடவினார். கறுப்பின் மேல் கறுப்பாக, கண்ணுக்கே தெரியாமல் ஓர் ஒட்டு இருந்தது.

"சைக்கிள் டியூப் ரப்பர். கிழிஞ்ச இடத்துல நீங்களே ஒட்டினது. நம்ம கண்ணுக்குக் கோட்டும் கறுப்பு, ஒட்டும் கறுப்பு. ஆனா இந்தக் கேமராவுக்கு நைலான் சாயம் ஒரு பொருட்டே இல்ல, வெள்ளையாக்கிடுது. ரப்பர் மட்டும் கறுப்பாவே நிக்குது. உங்க தலைமுடிச் சாயமும் அப்படித்தான் சார், ஒரு படத்துல வெளுத்துப்போச்சு."

"நடந்ததை நான் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. ஞாயித்துக்கிழமை தனியா வந்தீங்க. ஒரே நேரத்துல ரெண்டு படம் எடுக்கணும்னா ரெண்டு கேமரா வேணும். இந்த அறையில மிச்சம் இருந்ததே ரெண்டுதான். சுவத்துல இருந்ததைக் கழட்டினீங்க. இந்தம்மா பெட்டியில இருந்ததையும் கழட்டினீங்க. கேக்காம." அவர் கரும்பலகையைக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. "வேலை முடிஞ்சதும் திருப்பி வச்சீங்க. ரெண்டும் ஒரே அச்சு. இது அங்க போச்சு, அது இங்க வந்துது. திங்கட்கிழமையிலேர்ந்து செடி வெளுத்ததுக்கு அதுதான் காரணம்."

"எனக்குத் தெரியாது," என்றார் வாத்தியார். அதிகாரம் போன குரல். "மாறிப்போச்சுன்னு எனக்குத் தெரியாது. தொட்டோமேன்னு மனசு உறுத்திச்சு. நேத்து யாரும் இல்லாதப்ப பெட்டியைப் போட்டு என் கையை வச்சுப் பாத்தேன். நரம்பே தெரியலை. வெறும் தோல்தான் தெரிஞ்சுது. தப்பா இணைச்சு நான்தான் அந்தக் கண்ணைச் சுட்டுட்டேன்னு நினைச்சேன். நாளைக்கு டாக்டர் முன்னாடி வேலை செய்யாம போனா, யார் தொட்டதுன்னு கேள்வி வரும். எடுத்துட்டுப் போய் ராத்திரிக்குள்ள சரி பண்ணிடலாம்னுதான்... சரி பண்ணவும் முடியலை. பள்ளிக்கூட ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கு."

"கேமரா இருக்கறது தெரிஞ்சுமா உள்ள வந்தீங்க?"

"படம் சரியா வரலைன்னு டிவிக்காரர் வாரம் பூரா புலம்பிட்டிருந்தார். ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சேன். அந்த வெள்ளைக் கோட்டைப் பாத்ததும் எனக்கே அதிர்ச்சி."

"அதிர்ச்சி இல்ல சார், நிம்மதி." ஆய்வாளரின் குரல் அப்போதுதான் சூடானது. "இயற்பியல் நடத்தறவர் நீங்க. கறுப்புக் கோட்டு எப்படி வெளுத்ததுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா, கண்ணு மாறினது தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா பெட்டி அப்பவே சரியாயிருக்கும். நீங்க யோசிக்க விரும்பல. ஏன்னா அந்த வெள்ளை இந்தப் பையன் தலையில விழுந்துது. அதுமேல 'சின்னப் பையன், பெரிய வழக்கா ஆக்காதீங்க'ன்னு பரிஞ்சு வேற பேசினீங்க. சாமானைத் தொட்டது தவறு. அதை மன்னிச்சுடலாம். இதை என்ன பண்றது?"

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைத் திட்டியே பழகிய அந்த மனிதருக்கு, திட்டு வாங்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"நீங்க கொன்னுட்டதா நினைச்ச கண்ணு, சுவத்துல உக்காந்து உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்துது," என்றார் ஆய்வாளர். பிறகு ஓட்டுநரிடம் திரும்பினார். "நீங்க சொன்னது சரிதான். வெண்ணெய் கையிலேயேதான் இருந்துது. ஆனா நீங்க காட்டின கை வேற."

மாலை 6.30.

பெட்டி வந்து சேர்ந்தது. டிவிக்காரர் நாற்காலி போட்டு ஏறி, சுவர்க் கேமராவை மூச்சைப் பிடித்துக்கொண்டு கழற்றினார். நர்ஸ் அதைப் பெட்டியில் பொருத்தினாள். சோதிக்க ஒரு கை வேண்டும். அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

தம்பி முன்னால் வந்து சட்டைக்கையை மடித்து, கையை நீட்டினான்.

சின்னத் திரையில் வெள்ளைத் தோலுக்குள் கறுப்புக் கோடுகள் மரக்கிளை போலப் பிரிந்து ஓடின. நர்ஸ் அந்தக் கோடுகளைப் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதாள்.

"எல்லார்கிட்டயும் கேட்டேன். உங்கிட்ட மட்டும்தான் கேக்காமலே முடிவு பண்ணிட்டேன்டா."

அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் 'அக்கா' என்றும் சொல்லவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, வெளிர்மஞ்சள் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரொட்டி சுடப் போய்விட்டான்.

ஆய்வாளர் அன்று இரவே வழக்கை எழுதி முடித்தார். குற்றவாளியைக் கண்டுபிடித்தாயிற்று. காணாமல்போனது முழுசாகக் கிடைத்த மாதிரி இல்லை.

காலை 9.10.

'வாக்குமூலத்தில் ஒரு கையெழுத்து பாக்கி' என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு ஆய்வாளர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கதவின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். கட்டிலில் பாப்பா. பக்கத்தில் டாக்டர் கைகட்டி நின்றார். நர்ஸ் ஊசியோடு குனிந்திருந்தாள். பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் தம்பி. தலைமுடியில் மாவு ஒட்டியிருந்தது. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறான்.

"மாமா, அந்தக் கறுப்புக் கோடெல்லாம் நானா?"

"நீதான். உள்ள எவ்வளவு அழகா படம் போட்டு வச்சிருக்கே பாரு."

நர்ஸின் கை ஊசியோடு அந்தரத்தில் நின்றது. இறங்கவில்லை. நிலைகொள்ளாமல் ஆடியது. டாக்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சத்தம் போடாமல் சொன்னான்:

"பெரிய கோடு ரெண்டா பிரியுதே, அதுக்குக் கொஞ்சம் கீழ. பதறாம போடு அக்கா."

கை நின்றது. ஊசி ஒரே தடவை இறங்கியது. குழாயில் சிவப்பு ஏறியது.

"அவ்வளவுதானா?" என்றது பாப்பா.

ஆய்வாளர் கையெழுத்தைக் கேட்காமலே திரும்பி நடந்தார்.